காயம் ஒருவருக்கு, விலாசம் மாறியது இருவருக்கு

"அண்ணை, கால் போனது டேட்டத்துக்கு. பிறகேன் சுகமா இருந்த ஹொலிடேயையும் போர்சிங்கிஸையும் வித்தவங்கள்?"

ஜெயபுரத்தில் கரப்பந்து ஆட வந்த ஒரு பொடியன் கேட்ட கேள்வி இது. மன்னார் வீதியோரத்து இந்தக் கிராமத்தில் கூடைப்பந்து வளையம் தேடினால் அலைய வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து, பொடியளுக்குக் கரப்பந்து, உதைபந்து, மென்பந்து கிரிக்கெட். ஆனாலும் ரொறன்ரோவில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ அனுப்பிய ராப்டர்ஸ் மேற்சட்டை ஒன்றிரண்டு மாலையில் மைதானத்தில் தென்படும். கைபேசியில் என்.பி.ஏ. துண்டுக் காணொளிகள் ஓடும். கேட்டவனுக்குப் பொஸ்டன் அமெரிக்காவின் எந்தக் கரையில் இருக்கிறது என்று தெரியுமோ என்னவோ, கேள்வி மட்டும் அச்சொட்டானது. அமெரிக்கப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிய விஷயத்தின் முடிச்சு அதில் இருக்கிறது.

நமக்குப் பழகிய கணக்கு வேறு. ஊர்ச் சுற்றுப்போட்டியில் பந்து தூக்கிக் கொடுப்பவனுக்குக் கணுக்கால் பிரண்டால் பக்கத்து ஊர்க் கழகத்தில் இருந்து ஒருவனைக் கூப்பிடுவோம். எதிரணி முறைப்பாடு சொல்லும், நடுவர் கொஞ்ச நேரம் பேசுவார், பிறகு ஆட்டம் தொடங்கும். ஒருவன் வெளியே, ஒருவன் உள்ளே.

கோடிகள் புரளும் ஐ.பி.எல்.லிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். 2024 பருவத்துக்கு வனிந்து ஹசரங்கவை சன்ரைசர்ஸ் ஐதராபாத் ஒன்றரைக் கோடி இந்திய ரூபாவுக்கு எடுத்திருந்தது. குதிகால் உபாதையால் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. அந்த இடத்துக்கு ஐம்பது இலட்சத்துக்கு வந்தவர் யாழ். மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த். மே 8 அன்று லக்னோ அணிக்கு எதிராக முதல் ஆட்டம். நான்கு ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. அன்று டிராவிஸ் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் பத்து ஓவருக்குள் 166 என்ற இலக்கை முடித்துவிட்டதால் வியாஸ்காந்தின் கட்டுப்பாடான பந்துவீச்சை வெளியே பேசியவர் குறைவு. வடக்கில் நாங்கள் பேசினோம். மாற்று வீரரின் விலை காயப்பட்டவரின் விலையைத் தாண்டக்கூடாது என்பதுதான் அங்கே முக்கிய நிபந்தனை. ஒரு லெக் ஸ்பின்னரின் குதிகால் இன்னொரு லெக் ஸ்பின்னருக்கு வாசலைத் திறந்தது, அதோடு கணக்கு முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரும் ஏலம் வந்து எல்லா அணிகளையும் கலைத்துப் போட்டுவிட்டது.

என்.பி.ஏ.யில் கணக்கு முடியாது. அங்கே ஒப்பந்தம் நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஓடும். காயம் வந்தால் சம்பளம் நிற்பதில்லை. அதைவிட முக்கியம், அந்தச் சம்பளம் அணியின் மொத்தக் கணக்கில் இருந்து இறங்குவதும் இல்லை.

ஜேசன் டேட்டம் 2024 கோடையில் பொஸ்டன் செல்டிக்ஸுடன் ஐந்தாண்டுக்கு 314 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தார். அப்போது அதுவே லீக்கின் வரலாற்றில் பெரியது. அந்தப் புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவிருந்தது 2025–26 பருவத்தில், முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 54 மில்லியன். 2025 மே 12 இரவு, நமக்கு 13ஆம் திகதி காலை, நியூயோர்க் மெடிசன் ஸ்குவேர் கார்டனில் நிக்ஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் 42 புள்ளி எடுத்திருந்த மனிதர், தவறிய பந்தொன்றைப் பிடிக்க முன்னே பாய்ந்த வேகத்தில் விழுந்தார். வலது குதிகாலின் அக்கிலிஸ் தசைநார் அறுந்திருந்தது. நம் பக்கத்தில் எண்ணெய் போட்டு, முறிவு நெரிவு வைத்தியரிடம் காட்டி, ஒரு கிழமை பார்ப்போம் என்பார்கள். டேட்டத்துக்கு மறுநாளே அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்படியிருந்தும் திரும்பி வரக் கிட்டத்தட்ட ஓராண்டு பிடிக்கும் காயம் அது.

சரி, மாற்று வீரர்? அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. லீக் நியமிக்கும் வைத்தியர் பார்த்து, இவர் அடுத்த ஜூன் 15 வரை ஆட வாய்ப்பில்லை என்று சொன்னால், அணி சம்பள உச்சவரம்புக்கு மேலே போய் ஒருவரை எடுக்கலாம். காயப்பட்டவரின் சம்பளத்தில் பாதி, அல்லது லீக் அந்த ஆண்டுக்கு வைத்திருக்கும் நடுத்தரத் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. 2025–26இல் அந்த நடுத்தரத் தொகை 14.1 மில்லியன். 54 மில்லியன் ஆட்டக்காரருக்குப் பதில் 14 மில்லியன் ஆட்டக்காரர். மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் லீக் அறவிடும் ஆடம்பர வரி அந்த 14 மில்லியனுக்கும் உண்டு. பொஸ்டன் போன்ற அணிக்கு அந்த வரி ஒரு டொலருக்குப் பல டொலர் என்ற விகிதத்தில் ஏறும்.

ஏன் என்றால் பொஸ்டன் 2024இல் கிண்ணம் வென்ற அணியை அப்படியே வைத்திருந்தது. டேட்டம், ஜெய்லன் பிரவுண், ஜூரூ ஹொலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ், டெரிக் வைட். ஐந்து பேருக்கும் பெரிய சம்பளம். 2025–26 பருவத்துக்கு லீக்கின் சம்பள உச்சவரம்பு 154.6 மில்லியன், வரிக்கோடு 187.9 மில்லியன், அதற்கும் மேலே "இரண்டாவது ஏப்ரன்" என்ற கோடு 207.8 மில்லியன். இந்தக் கடைசிக் கோட்டுக்கு மேலே நிற்கும் அணிக்குக் காசுத் தண்டனை மட்டுமல்ல, கைகட்டும் தண்டனையும் உண்டு. இரண்டு சிறிய சம்பளங்களைச் சேர்த்து ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் டிராப்டில், ஏழாண்டு தள்ளியுள்ள முதற்சுற்றுத் தெரிவுரிமை விற்க முடியாமல் உறைந்துவிடும். தொடர்ந்து பல ஆண்டுகள் வரி கட்டிய அணி என்பதால் பொஸ்டனுக்கு வரி விகிதமும் கூடியது. அணியை அப்படியே வைத்திருந்தால் சம்பளமும் வரியுமாக அரை பில்லியன் டொலரைத் தொட்டிருக்கும். அந்த வசந்தத்தில்தான் பில் சிஸம் தலைமையிலான குழு 6.1 பில்லியனுக்கு அணியை வாங்க ஒப்புக்கொண்டிருந்தது.

ஆகவே டேட்டம் விழுவதற்கு முன்பே கத்தி தீட்டியாகிவிட்டது. அணியின் முகாமைத் தலைவர் பிராட் ஸ்டீவன்ஸும் பிறகு ஒளிக்காமல் சொன்னார், இந்தப் பரிமாற்றங்களுக்குக் காரணம் அந்த இரண்டாவது கோடுதான் என்று. காயம் செய்தது வேறொன்று. "இன்னும் ஒரு வருடம் முயன்று பார்ப்போம், வரியைக் கட்டுவோம்" என்று வாதாடக்கூடிய குரலை அது அடக்கிவிட்டது. டேட்டம் சுகமாக நின்றிருந்தால் பொஸ்டன் ரசிகர்கள் ஹொலிடேயை விற்றதற்குக் கொடி பிடித்திருப்பார்கள். இப்போது தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆண்டைப் பேசினார்கள்.

போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்குப் போனார். மூன்று அணிகள் சேர்ந்த அந்தப் பேரத்தில் பொஸ்டனுக்கு வந்த ஜோர்ஜஸ் நியாங், ஒரு ஆட்டமும் ஆடாமல் யூட்டாவுக்குக் கைமாறினார். ஹொலிடே போர்ட்லண்டுக்கு. அவருக்கு இன்னும் மூன்றாண்டுக்கு நூறு மில்லியனுக்கு மேல் பாக்கி இருந்தது. பதிலுக்கு வந்த அன்பர்னி சைமன்ஸின் ஒப்பந்தம் ஓராண்டில் முடியவிருந்தது. முதலில் பேசியபடி போர்ட்லண்டில் இருந்து இரண்டாம் சுற்றுத் தெரிவுகள் இரண்டும் வரவேண்டும், பேரம் திருத்தப்பட்டபோது அவை விலகிப்போயின. அல் ஹோர்போர்டும் லூக் கோர்னெட்டும் ஒப்பந்தம் முடிந்து வேறு அணி பார்த்துக்கொண்டார்கள். கிண்ணம் வென்ற அணியின் முதன்மை உயர வீரர்கள் மூவரும் ஒரே கோடையில் போய்விட்டார்கள்.

பொடியனின் கேள்விக்கு இதுதான் பதில். காயப்பட்ட காலை யாரும் வாங்க மாட்டார்கள். விலை போவது சுகமான கால்தான். டேட்டத்தின் 54 மில்லியன் அசையாமல் கணக்கில் குந்தியிருக்கும்போது, கணக்கைக் குறைக்கக் கழிக்கக்கூடியது ஆடக்கூடியவர்களின் சம்பளம் மட்டுமே. இன்னொன்றும் உண்டு. ஹொலிடேக்கு அப்போது 35 வயது. போர்சிங்கிஸின் ஒப்பந்தத்தில் மீதி ஓராண்டு. டேட்டம் இல்லாத பருவத்தில் அவர்களின் நல்ல ஆட்டம் எதற்கும் பயன்படாமல் கரையும். அவர் திரும்பும்போது அவர்கள் அதே ஆட்டக்காரர்களாக இருக்கமாட்டார்கள். ஒரு பெரிய காயத்துக்குப் பிறகு முகாமையாளர் தன்னைத் தானே கேட்கும் முதல் கேள்வி "இவருக்குப் பதில் யார்?" அல்ல, "நாங்கள் எந்த ஆண்டுக்காக விளையாடுகிறோம்?" என்பதுதான். அந்த ஆண்டு மாறினால் மற்ற எல்லோரின் விலையும் மாறும்.

இதையே தலைகீழாகப் பார்க்க ரொறன்ரோவுக்குப் போகவேண்டும். நம் உறவுகள் ஸ்காபரோவில் இருந்து கொண்டு இரவு முழுக்கக் கத்திய 2019 கிண்ணம் ஒரு காயத்தில் இருந்துதான் தொடங்கியது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் கவாய் லெனார்டுக்குத் தொடையில் உபாதை. 2017–18 பருவத்தில் ஒன்பது ஆட்டங்களே ஆடினார். அணியின் வைத்தியர்கள் ஒன்று சொல்ல அவரது வைத்தியர்கள் வேறொன்று சொன்னார்கள், நம்பிக்கை முறிந்தது. அந்தக் காலை வாங்கத் துணிந்தவர் ரொறன்ரோவின் மசாய் உஜிரி. 2018 ஜூலையில் அவர் கொடுத்தது டெமார் டிரோசனை. ஒன்பது பருவம் அந்த நகரத்துக்காக ஆடி, போகமாட்டேன் என்று சொன்ன மனிதர். சுகமாக இருந்தவர் அனுப்பப்பட்டார், காயப்பட்டவர் வந்தார். ரொறன்ரோ லெனார்டை 82 ஆட்டங்களில் 60இல்தான் இறக்கியது. மிச்சத்தில் ஓய்வு. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதோடு கிண்ணத்தையும் தந்துவிட்டு, ஒரு மாதத்துக்குள் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். நான் உஜிரியாக இருந்தாலும் அதே பேரத்தைத்தான் செய்திருப்பேன். டிரோசனிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்பது வேறு கதை.

அதே இறுதிச் சுற்றில் எதிரணியின் நிலைமை தெரியும்தானே. கெவின் டூரான்ட் கெண்டைக்கால் உபாதையோடு ஒரு மாதம் வெளியே இருந்து, ஜூன் 10 அன்று ரொறன்ரோவில் ஐந்தாவது ஆட்டத்துக்கு இறங்கினார். பன்னிரண்டு நிமிடங்களில் 11 புள்ளி, பிறகு அக்கிலிஸ் அறுந்தது. அரங்கில் ஒரு பகுதி ரசிகர்கள் கைதட்டினார்கள், ராப்டர்ஸ் வீரர்களே கையைக் காட்டி அவர்களை அடக்கவேண்டியிருந்தது. மூன்று நாள் கழித்துக் கிளே தொம்சனுக்கு முழங்கால் போனது. கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ் அடுத்த பருவத்தில் 15 வெற்றி, 50 தோல்வி.

ஆனால் அந்த 50 தோல்விகளுக்குப் பின்னால் நடந்ததைக் கவனிக்கவேண்டும். ஒற்றைக்காலில் நின்ற டூரான்டுக்கு புரூக்ளின் நெட்ஸ் நான்காண்டுக்கு 164 மில்லியன் கொடுத்தது, முதலாண்டில் அவர் ஆடமாட்டார் என்று தெரிந்தே. கோல்டன் ஸ்டேட் அவரைச் சும்மா விடாமல், ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பரிமாறி டி'ஏஞ்சலோ ரசலைப் பெற்றது. ரசலுக்குக் கணக்கில் இடம் வேண்டும். அதற்காக வெளியேற்றப்பட்டவர் அன்ட்ரே இகுவோடாலா. மூன்று கிண்ணங்களில் பங்கெடுத்தவர், காயம் எதுவும் இல்லாதவர். அவரை மெம்பிஸ் ஏற்றுக்கொள்ள ஒரு முதற்சுற்றுத் தெரிவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இங்கேயும் கால் போனது இருவருக்கு, வீட்டுச் சாமான் கட்டியது மூன்றாமவர். ரசல் அந்த அணிக்குப் பொருந்தமாட்டார் என்று பார்த்தவர் எல்லோருக்கும் தெரியும். அவரை வாங்கியது ஆடவைக்க அல்ல, பிறகு விற்க. 2020 பெப்ரவரியில் மினசோட்டாவுக்கு அவரைக் கொடுத்து அன்ட்ரூ விக்கின்ஸையும் ஒரு முதற்சுற்றுத் தெரிவையும் எடுத்தார்கள். அந்தத் தெரிவில் வந்தவர் ஜொனதன் குமிங்கா. 2022 இறுதிச் சுற்றில் டேட்டத்தைத் துரத்தித் துரத்திக் காவல் காத்தவர் விக்கின்ஸ். கிண்ணம் கோல்டன் ஸ்டேட்டுக்கு, தோற்றது பொஸ்டன். காயத்தால் கெட்டுப்போன ஆண்டை வீணாக்காமல் அடுத்த ஆண்டுகளுக்கான நாணயமாக மாற்றிக்கொள்ளும் வித்தையை ஸ்டீவன்ஸ் அன்று எதிர்ப்பக்கத்து ஆசனத்தில் இருந்து பார்த்துப் படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மில்வோக்கி பக்ஸ் அதைப் படிக்கவில்லை, படிக்க அவகாசமும் இல்லை. 2025 வசந்தத்தில் முதல் விழுந்தவர் அவர்களின் டேமியன் லில்லார்ட். வலது கெண்டைக்காலில் இரத்தம் கட்டியதால் மார்ச்சில் இருந்து வெளியே இருந்தவர், வெட்டுச் சுற்றுக்குத் திரும்பி, ஏப்ரல் 27 அன்று இந்தியானாவுக்கு எதிராக இடது அக்கிலிஸை அறுத்துக்கொண்டார். 34 வயது. இன்னும் இரண்டாண்டுக்கு 113 மில்லியன் பாக்கி. தங்கள் நட்சத்திரம் ஜானிஸ் அன்டெடொகூன்போவைத் தக்கவைக்க வேண்டியிருந்த அணிக்கு "இந்த ஆண்டை விடுவோம்" என்று சொல்லும் உரிமை இருக்கவில்லை. ஜானிஸ் போய்விடுவார் என்ற பயம்தான் அப்போது அங்கே உண்மையான முகாமையாளர். எனவே மற்ற அணிகள் செய்யாததைச் செய்தார்கள். காயப்பட்டவரையே கழற்றிவிட்டார்கள்.

அதற்கும் ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள ஆண்டுகளை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டி, பாக்கியை அத்தனை ஆண்டுகளுக்குப் பரப்பலாம். லில்லார்டுக்கு ஐந்தாண்டு. அதாவது 2030 வரை ஆண்டுதோறும் சுமார் 22.5 மில்லியன், இனித் தங்களுக்காக ஒரு பந்தும் எறியப்போகாத ஆளின் பெயரில் மில்வோக்கியின் கணக்கில் நிற்கும். அந்த இடைவெளியில் கிடைத்த பணத்தைக் கொண்டு மைல்ஸ் டேர்னரை நான்காண்டுக்கு நூறு மில்லியனுக்கும் மேல் கொடுத்து எடுத்தார்கள். என் பார்வையில் இது அந்தக் கோடையின் மோசமான பேரம். டேர்னர் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அவரின் உண்மையான விலை அவரின் சம்பளமும் லில்லார்டின் 22.5 மில்லியனும் சேர்ந்தது. அந்த விலைக்கு அவர் ஆடுவதில்லை. இலாபம் பார்த்தவர் லில்லார்ட். மில்வோக்கியின் காசை வாங்கிக்கொண்டே ஆரம்ப காலம் முழுதும் ஆடிய போர்ட்லண்டுக்கு மூன்றாண்டு, 42 மில்லியன் என்று திரும்பிப் போனார். முதல் ஆண்டில் காலை ஆற்றிக்கொண்டால் போதுமாக இருந்தது.

அந்த டேர்னரை இழந்த அணி இந்தியானா. 2025இன் மூன்று அக்கிலிஸ் கதைகளிலும் இதுதான் வயிற்றெரிச்சலானது. 2025 ஜூன் 22, ஒக்லஹோமா சிட்டியில் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை. டைரீஸ் ஹாலிபர்ட்டன் ஏற்கெனவே கெண்டைக்கால் தசை இழுத்துக்கொண்ட நிலையில் இறங்கி, முதல் ஏழு நிமிடங்களில் மூன்று மூன்று-புள்ளி எறிகளைப் போட்டிருந்தார். பிறகு தரையைக் கையால் அடித்துக்கொண்டு கிடந்தார். வலது அக்கிலிஸ். டூரான்டுக்கும் முன்னே கெண்டைக்கால்தான் எச்சரிக்கை தந்தது. அதற்குப் பிறகும் ஒருவரை ஏழாவது ஆட்டத்துக்கு வெளியே இருத்திவைக்கும் பயிற்றுநர் பிறக்கவில்லை, ஆடமாட்டேன் என்று சொல்லும் வீரரும் பிறக்கவில்லை. ஒக்லஹோமா 103–91 என்று வென்றது.

பத்தே நாளில் டேர்னர் போனார். இந்தியானாவில் பத்துப் பருவம் ஆடியவர். ஹாலிபர்ட்டன் நின்றிருந்தால் அவருக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்து, வரியையும் கட்டி, மறுபடி இறுதிச் சுற்றைத் தேடியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. நட்சத்திரம் கட்டிலில் இருக்கும் ஆண்டுக்கு வரி கட்ட எந்த உரிமையாளருக்கும் மனம் வராது. ஜூலையிலேயே இந்தியானாவின் முகாமைத் தலைவர் கெவின் பிரிச்சார்ட் அறிவித்துவிட்டார், 2025–26 முழுவதும் ஹாலிபர்ட்டன் இல்லை. கிண்ணத்துக்கு ஒரு ஆட்டம் தொலைவில் இருந்த அணி, ஒக்டோபரில் பருவம் தொடங்கிய வேகத்திலேயே கிழக்குப் பிரிவின் அடிக்குப் போனது. அதே வேளை பொஸ்டன், பிரவுணின் தோளில் ஏறி, ஆண்டு முடிவில் கிழக்கின் முன்வரிசையில் நின்றது. ஆட்களை விற்ற அணி நிமிர்ந்ததற்கும், இருவரை மட்டும் இழந்த அணி சரிந்ததற்கும் காரணம் ஆட்டக்காரர் எண்ணிக்கையில் இல்லை. இந்தியானாவின் வேகம் முழுவதும் ஹாலிபர்ட்டனின் கையால் ஓடியது. பொஸ்டனில் பந்தைக் கொண்டுபோக வைட், பெய்டன் பிரிச்சார்ட், பிரவுண் என்று மூன்று கை இருந்தது.

இந்தியானாவிடம் கணக்கில் எழுதாத ஒரு சேமிப்பும் இருந்தது. 2026க்கான தங்கள் முதற்சுற்றுத் தெரிவை அவர்கள் பஸ்கால் சியாகமை வாங்கியபோது ரொறன்ரோவுக்குக் கொடுத்திருந்தார்கள். அது கைமாறி நியூ ஓர்லியன்ஸுக்குப் போயிருந்தது. இறுதிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 17 அன்று, இந்தியானா அதைத் திரும்ப வாங்கியது. விலை 2025 டிராப்டின் 23ஆம் இலக்கத் தெரிவும் ஒரு இளம் வீரரின் உரிமையும். அப்போது அது வெறும் காகித வேலை. இறுதிச் சுற்றுக்கு வந்த அணியின் அடுத்த ஆண்டுத் தெரிவு முப்பதுக்குக் கிட்டத்தான் விழும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஐந்தாம் நாள் ஹாலிபர்ட்டன் விழுந்தார். அடிக்குப் போகும் அணியின் தெரிவுக்கு மதிப்பு வேறு: 2026 டிராப்டில் லீக்கின் கடைசி மூன்று அணிகளுக்கு முதல் தெரிவைப் பெறும் வாய்ப்புத் தலா 14 சதவீதமாக இருந்தது. நியூ ஓர்லியன்ஸோ கைக்கு வந்த 23ஆம் இலக்கத்தோடு தங்களிடம் இருந்த 2026 முதற்சுற்று உரிமை ஒன்றையும் சேர்த்து, ஒரு வாரம் கழித்து டிராப்ட் இரவில் பத்து இடம் முன்னேறுவதற்காக அட்லாண்டாவிடம் கொடுத்துவிட்டது.